அழகுமுத்துக்கு முதலடி

பெரிய கல்மலைத் தோட்டம், மேக்கணக்கு,
ஹட்டன்.
1963 அக்டோபர் 6

அண்ணன் மாதிரி இருக்கிற பக்கீர் நானாவுக்கு அம்மாக்கண்ணு எழுதுறது.

நான் உசிரோட இருக்கேன், மழையும் விடாம இருக்கு. அங்க நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நல்லா இருக்கணும்னு மாரியம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் பேனாவ எடுத்தேன். நான் படிச்சது மூணாம் வகுப்பு. எழுத்து கோணலா இருந்தா தலைய கொஞ்சம் சாச்சுப் படிங்க.

எம் வீட்டுக்காரரு விட்டுப் போன சாமான்னு நீங்க ரயில்ல போட்டுவிட்ட தகரப் பெட்டி வந்து சேந்துச்சு. ரெண்டு கோட்டு, ஒரு சோடி சப்பாத்து, ஏழு பேரு நிக்கிற போட்டோ, ரெண்டு குச்சி. கோட்ட ராகலையில இருக்கிற எங்க அண்ணன் மகனுக்குக் குடுத்துட்டேன். அவருக்குத் தோள் எறங்கிக் கெடக்கு, போட்டா கொளுந்துக் கூடையில சாக்கு விரிச்ச மாதிரி இருக்காரு. குச்சி ரெண்டையும் நான் வச்சிக்கிட்டேன்.

வட்டவளையில மண்ணு சரிஞ்சு ரயில் நின்ன அன்னிக்கி நான் ஸ்டேஷன்லயே உக்காந்திருந்தேன். நீங்க கொழும்புல கனத்தை மயானத்துல அவர மண்ணுல வச்சு, கையக் கழுவி, வீட்டுக்குப் போன பொறகுதான் ரயில் கெளம்புச்சு. அதுக்கு நான் யாரையும் நோகல. மழைய யாரு நோகுறது.

விசயத்துக்கு வாறேன். தப்பு மோளம் அடிக்கிற எங்க வீட்டு வழக்கம் ஒன்னு இருக்கு. நீங்க ஹட்டன் கடைவீதியில பொறந்தவங்கதான், ஆனா தோட்டத்து லய வீடுகளுக்குள்ள நடக்கிறது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தோட்டத்துல யாரு செத்தாலும் தப்பு அடிக்கிறவரு அடிப்பாரு. ஆனா தப்பு அடிக்கிறவரே செத்தா, மகன்தான் குச்சிய எடுத்து முதலடி அடிக்கணும். அதுக்குப் பொறகுதான் மத்த ஆளு அடிக்கலாம். முதலடி விழுகலேன்னா தப்பே கெடையாது.

எங்க மாமா அழகுமுத்து, எம் வீட்டுக்காரரோட அப்பா, நாப்பது வருசம் வெடியக்காலம் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் எழுப்பத் தப்படிச்சவரு. எத்தன சாவுக்கு அடிச்சாருன்னு அவருக்கே தெரியாது. ஒங்க சிநேகிதரு அம்பதாம் வருசம் கொழும்புக்குப் போறப்ப, "தப்ப எடுத்தாலும் தள்ளி நில்லுங்கிறான், எடுக்காட்டியும் தள்ளி நில்லுங்கிறான், இனி நான் அதத் தொட மாட்டேன்"னு தன்னோட தப்ப அட்டாலிப் பலகையில ஏத்தி வச்சிட்டுப் போனாரு. மாமா ஒரு வார்த்த ஏசல. "நான் செத்தா மட்டும் வந்து ஒரு அடி அடி. வேற ஒன்னும் கேக்கல"ன்னாரு. இவரும் தலையாட்டினாரு. நான் பக்கத்துல நின்னேன்.

அம்பத்தாறு தை பத்து, திங்கக்கெழம, மாமா போயிட்டாரு. காலையிலயே தந்தி குடுத்தோம். செவ்வாக்கெழம சாயந்தரம் வரைக்கும் வச்சிருந்தோம். மகன் வரல. நாப்பது வருசம் ஊருக்கெல்லாம் அடிச்ச மனுசன் ஊமையாப் போனாரு.

அதுக்குப் பொறகு மாசி கடைசியில இவரு வந்தாரு. கேட்டேன்.

"தந்தி வரலியா?"

"வந்துச்சு."

"பின்ன?"

"வேலை இருந்துச்சு."

அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒரு சொல்லு எடுக்க முடியல. ஏழு வருசம் தீவாளிக்கும் பொங்கலுக்கும் வந்தாரு. சோறு போட்டேன். மொகத்தப் பாத்துப் போடல.

இப்ப தோட்டத்துல தப்படிக்கிறது மூக்கன். எம் வீட்டுக்காரரோட சித்தப்பா மகன். ஒங்க சிநேகிதருக்கு வர்ற ஆவணியில மொத வருசத் தலத்தெவசம், அன்னிக்காவது அடிங்கன்னு கேட்டேன். "மதினி, அப்பனுக்கு ஒரு அடி அடிக்க வராதவனுக்கு நான் எதுக்குக் கைய வலிக்க வச்சிக்கணும்? கொழும்புல பேண்டு இருக்குல்ல, அத ஊதச் சொல்லு"ன்னுட்டாரு. சபையில ஒருத்தரும் ஏன்னு கேக்கல.

நானா, எம் புருசன் மேல எனக்கும் கோவம்தான். ஆனா ஊமையாப் போக விட மாட்டேன். ஆவணிக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு. அடிக்க வைப்பேன்.

அதுக்கு ஒங்ககிட்ட ரெண்டு கேக்குறேன். ஒன்னு, அவரு வாசிச்ச ரெக்கோர்ட்டு ஒன்னு இருக்குன்னு சொல்லுவாங்க, அத அனுப்புங்க. ஒரு தடவ அவர்கிட்டயே கேட்டேன், "அது நம்ம ஆளுக கேக்கிற பாட்டு இல்ல"ன்னுட்டாரு. ரெண்டு, பதிமூணு வருசம் அங்க அவரு என்னதான் செஞ்சாருன்னு எழுதுங்க. ஒம் புருசன் என்ன வேலன்னு கேட்டா, டிரம் அடிச்சாருங்கிறேன். தப்ப விட்டுட்டு டிரம் அடிக்கப் போனானாக்கும்னு சிரிக்கிறாங்க. சிரிக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விசயம் வேணும்.

இப்படிக்கு
அம்மாக்கண்ணு


மலே வீதி, கொம்பனித்தெரு,
கொழும்பு.
1963 அக்டோபர் 19

அன்புத் தங்கச்சி அம்மாக்கண்ணுவுக்கு பக்கீர் எழுதிக்கொள்வது.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லாரும் இருக்கிறோம். ஒரு ஆள்தான் குறைவு. பேண்டு ஒத்திகைக்குப் போனால் மாயாண்டியின் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. புதிதாக வந்த டிரம்காரப் பையன் கூட வேறு நாற்காலி கொண்டு வந்து போட்டுக்கொண்டான்.

கேட்டதற்கு எழுதுகிறேன். நாற்பத்தெட்டில் ஹட்டனில் எங்கள் வாப்பாவின் கடையில் கிராமபோனும் ரெக்கோர்ட்டும் விற்றோம். ஞாயிற்றுக்கிழமை மாயாண்டி வந்து வாசலில் நிற்பான். வாங்க மாட்டான். கொழும்பு துறைமுகத்தில் அமெரிக்கக் கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன ரெக்கோர்ட் கொஞ்சம் என்னிடம் இருந்தது. அந்த நாட்டுக் கறுப்பு மக்களின் பாட்டு. ரிதம் அன்ட் புளூஸ் என்று சொல்வார்கள். ஒருவரும் அதை வாங்கவில்லை. ஒரு நாள் அதைப் போட்டேன். உள்ளே வந்துவிட்டான்.

"நானா, இது என்ன சங்கதி தெரியுமா? ஒரு வரி பாடுறான். அதையே திருப்பிப் பாடுறான். மூணாவது வரியில அழுதுட்டு எறங்குறான். இது ஒப்பாரி. கோட்டுப் போட்ட ஒப்பாரி" என்றான்.

அப்புறம் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கூடவே அடித்தான். பாட்டில் அடி விழும் இடத்தில் இவன் அடிக்கவில்லை. விழாத இடமாகப் பார்த்து அடித்தான். வாப்பா கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் காலால் தாளம் போட்டார். எங்கள் வாப்பா, தங்கச்சி! பெருநாளைக்குக் கூடச் சிரிக்காத மனுஷன்.

நாற்பத்தொன்பது டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு துரைமார் கிளப்பில் ஆட்டம். கொழும்பிலிருந்து ரொட்னி மாஸ்டரின் பேண்டு வந்தது. அவர்களுடைய டிரம்காரன் வரும் வழியில் கினிகத்தேனையில் இறங்கிக் குடித்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டான். நான் மாயாண்டிக்கு என் கோட்டைப் போட்டுக் கூட்டிப் போனேன். அதுவரை அவன் டிரம் செட்டைக் கண்ணால் கண்டதில்லை. சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தான். "இத்தன தப்ப ஒரே ஆளுக்கா வச்சிருக்காங்க?" என்று கேட்டான். உட்கார்ந்தான். ரெண்டு பாட்டு முடிவதற்குள் ரொட்னி மாஸ்டர் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த மாதம் கொழும்பு. நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பேண்டுக்கு நாள் பேசுகிற வேலைக்கு வந்தேன். பெரிய ஹோட்டல்களில் எல்லாம் வாசித்தான். போஸ்டரில் பெயர் மைக் அண்டி. மாயாண்டி என்று எழுதினால் துரைமார் வாயில் நுழையாது என்றார் ரொட்னி மாஸ்டர். "ஆண்டியத்தான் கடைசியில வச்சாங்களா, பொருத்தம்தான்" என்று இவன் சிரித்தான். கப்பலில் வந்த கறுப்பு இசைக்காரர் ஒருவர் ஒரு சாயந்தரம் முழுக்க இவன் பக்கத்தில் நின்று கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது தன் தொப்பியைக் கழற்றி இவன் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

ஐம்பத்தெட்டில் பேண்டு சிங்கப்பூர் போனது. இவனால் முடியவில்லை. தோட்டத்து ஆளுக்கு ஏது பிரஜா உரிமை, ஏது பாஸ்போர்ட்? துறைமுகத்தில் நின்று வழியனுப்பினான். மூன்று மாதம் கழித்து வந்த ரொட்னி மாஸ்டர் முதலில் சொன்னது, "அண்டி இல்லாமல் பாட்டு தாரா வாத்து நடக்கிற மாதிரி நடந்தது" என்பதுதான்.

இதையெல்லாம் மூக்கனிடம் சொல்லுங்கள். ரெக்கோர்ட் அனுப்பத்தான் வேண்டுமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். நீங்கள் கேட்டதை இல்லையென்று சொல்ல எனக்கு முகம் இல்லை. தேயிலைப் பெட்டிப் பலகை ரெண்டுக்கு நடுவில் வைத்துக் கட்டி அனுப்புகிறேன். பாட்டின் பெயர் ஹில் ஸ்டேஷன் ஹொப். வீட்டுக்குள் வைத்துக் கேளுங்கள்.

அன்புடன்
பக்கீர்


மேக்கணக்கு,
1963 நவம்பர் 24

பக்கீர் நானாவுக்கு,

ரெக்கோர்ட்டு கீறல் விழாம வந்துச்சு. வீட்டுக்குள்ள வச்சுக் கேளுன்னு எழுதியிருந்தீங்க. என் வீட்டுக்குள்ள கிராமபோன் எங்க இருக்கு? தீவாளிக்குக் கோயில்ல ஒலிபெருக்கி கட்டுனாங்க. பாட்டுப் பெட்டிக்காரர்கிட்ட, "இது எம் வீட்டுக்காரரு வாசிச்சது, ஒரு தடவ போடுங்க"ன்னு குடுத்தேன். ஊரே கேக்கட்டும்னுதான் குடுத்தேன். பெருமையா நின்னேன்.

நானா, நடந்தத எப்படி எழுதுறது.

மொதல்ல தப்பு மட்டும் தனியா விழுந்துச்சு. எட்டு மலைக்குக் கேக்குற மாதிரி. பாட்டு இல்ல, ஊதல் இல்ல. நான் அசந்து போனேன். அது சாவுத் தப்பு. கேட்ட நிமிசம் லயத்துல எல்லா கதவும் தெறந்துச்சு. எண்ணெ தேச்சபடி ஆளுக வெளிய வாறாங்க. அடுப்புல பணியாரத்தப் போட்டுட்டு ஓடியாறாங்க. ராக்காயிக் கெழவி தல நெறைய எண்ணெயோட மாருல அடிச்சிக்கிட்டு, "எந் தங்கமே போயிட்டியா"ன்னு எடுத்துட்டா. யாருக்குன்னு தெரியாமலே ரெண்டு அடி ஒப்பாரி பாடிட்டா.

"யாருடி செத்தது?"

"யாரும் சாகல ஆத்தா. ரெக்கோர்ட்டு."

"ரெக்கோர்ட்டா? அப்ப நான் அழுதது?"

அதுக்குள்ள எக்காளம் மாதிரி ஒன்னு ஊதி, இங்கிலீசுப் பாட்டு வந்து, தப்பு அடியில ஓடுது. சில பேரு சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. மூக்கன் மட்டும் சிரிக்கல. காத ஒலிபெருக்கிப் பக்கம் வச்சுக் கடைசி வரைக்கும் கேட்டாரு. பொறகு எங்கிட்ட வந்தாரு.

"மதினி, இது சாவுத் தப்பு மட்டும் இல்ல. மகன் அப்பனுக்கு அடிக்கிறது. மூணடி அடிச்சு, ஒரு மூச்சு விட்டு, நாலாவத எறக்குறான் பாரு. வேற எந்தச் சாவுக்கும் அப்படி எறக்க மாட்டோம். பெரியப்பனுக்கு வராத கை தொரைமாரு ஆட்டத்துக்கு வந்திருக்கு. அப்பன் சாவ வித்துட்டான்."

சொல்லிட்டுத் துப்பிட்டுப் போனாரு. முந்தி அடிக்க மாட்டேன்னாரு. இப்ப அந்தப் பேரயே எடுக்காதங்கிறாரு. ஊரு கேக்கட்டும்னு நான் செஞ்சது எனக்கே திரும்பிருச்சு.

ஆனா நான் அழுதுகிட்டு உக்காந்திருக்கல. எம் வீட்டுக்காரரு மோசமான ஆளு இல்ல. கல்யாணம் கட்டி பதினேழு வருசம், எனக்குத் தெரியும். ஏழு பேரு நிக்கிற போட்டோவத் திருப்பிப் பாத்தேன். பின்னால இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. வாத்தியார்கிட்ட கொண்டு போனேன். "ஹில் ஸ்டேஷன் ஹொப் பதிவு, 1956 ஜனவரி 24"ன்னு படிச்சாரு. அது தமிழுக்கு என்ன தேதின்னு கேட்டேன். தை பதினொன்னு. செவ்வாக்கெழம.

அன்னிக்கித்தான் சாயந்தரம் நாலு மணிக்கு மாமாவக் குழியில எறக்கினோம்.

அப்ப தந்தி முந்தின நாளே அங்க வந்திருக்கணும். தந்தி ஒங்க முகவரிக்குத்தான் குடுத்தோம், வேற முகவரி எங்களுக்குத் தெரியாது. அன்னிக்கி என்ன நடந்துச்சு நானா? சுத்தி வளைக்காம எழுதுங்க. ஒங்க கடுதாசியில எல்லாம் இருந்துச்சு. நாப்பத்தெட்டு, நாப்பத்தொன்பது, அம்பது, அம்பத்தெட்டு. அம்பத்தாறு மட்டும் இல்ல.

அம்மாக்கண்ணு


கொம்பனித்தெரு,
1964 ஜனவரி 3

தங்கச்சி,

ஆறு வாரம் பதில் போடாமல் இருந்தேன். ரெண்டு தரம் எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

பாட்டுப் பதிவு செய்கிற மெஷினோடு பம்பாயிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தார். திங்களும் செவ்வாயும் மட்டும். புதன் காலை அவருக்குக் கப்பல். எங்கள் பேண்டுக்கு அதுதான் முதல் ரெக்கோர்ட். ஏழு பேரும் ஆறு வருஷம் அதற்குத்தான் காத்திருந்தோம். திங்கள் மத்தியானம் தந்தி என் கைக்கு வந்தது. மாயாண்டி போய்விட்டால் டிரம் இல்லை. டிரம் இல்லாவிட்டால் ரெக்கோர்ட் இல்லை.

தந்தியை மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

ஒரு நாள்தானே, செவ்வாய் இரவு ரயிலில் ஏற்றிவிடலாம் என்று என் மனதுக்குச் சொன்னேன். இறந்தவரின் மையத்தை அவ்வளவு நேரம் வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஹட்டனில் பிறந்தவன்தானே.

செவ்வாய் மூன்றரை மணிக்கு பம்பாய்க்காரர் போதும், நன்றாக வந்துவிட்டது என்றார். அப்போதுதான் எடுத்துக் கொடுத்தேன். மாயாண்டி படித்தான். தந்தியில் வந்த தேதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வாசலில் தேத்தண்ணிக்காரரின் எண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சின்ன டிரம்மைக் கழற்றி, அடியில் இருந்த கம்பியை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, அதை நெருப்பில் காட்டினான். பம்பாய்க்காரர் பற்றிக்கொள்ளப் போகிறது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். இவன் தோலைத் தட்டிப் பார்த்துப் பார்த்துக் காய வைத்தான். விளக்குமாற்றில் ஒரு நீள ஈர்க்கு உருவினான், மற்றக் கைக்குக் கட்டைக் குச்சி. உள்ளே போனான்.

"இன்னொரு தரம் எடுங்க" என்றான்.

மற்றவர்களுக்கு விஷயம் தெரியாது. அவன் தனியாக நாலு அடி அடித்தான். ரொட்னி மாஸ்டர் இது புதுத் தொடக்கம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பாட்டை எடுத்தார். மூன்று நிமிஷம். அதைத்தான் ரெக்கோர்ட்டில் போட்டார்கள். நான் மட்டும் அறையின் மூலையில் நின்றேன். சுவரில் மணி நாலு.

அப்புறம் அவனிடம் என் காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன், அடி என்று. வாங்கவில்லை. "தங்கச்சிக்கு எழுதுறேன், நான்தான் செஞ்சேன்னு" என்றேன். "எழுதாத. தெரிஞ்சா ஒங்க வாப்பா கடைப்பக்கம் ஒரு தோட்டத்து ஆளு வரமாட்டான். மூக்கன் கடையப் பிரிச்சிருவான்" என்றான். அப்புறம் இதையும் சொன்னான், ஒளிக்காமல் எழுதுகிறேன்: "தந்தி நேத்தே கையில வந்திருந்தா நான் போயிருப்பேனா, பாட்ட முடிச்சிட்டுப் போகலாம்னு நின்னிருப்பேனா, எனக்கே தெரியல நானா. அதால ஒன்ன ஏச எனக்கு வாய் இல்ல."

அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஒரு நாள் கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்கள் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனை ரயிலேற்றிவிட்டு நான் திரும்பி வந்த வழி எனக்குத்தான் தெரியும்.

வாப்பா போன வருஷம் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். இனி ஒளிக்கக் காரணம் இல்லை. முந்தியும் பெரிய காரணம் இருக்கவில்லை.

தந்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

பக்கீர்


மேக்கணக்கு,
1964 பெப்ரவரி 9

பக்கீர் நானாவுக்கு,

ஒங்க கடுதாசிய மலைக்குக் கொண்டு போயி, கொளுந்து நிறுக்க நிக்கிற நேரத்துல படிச்சேன். பொறகு அன்னிக்கி நான் எடுத்தது நாலு றாத்தல் கொறவு. கங்காணி ஏசுனாரு. அது காதுல விழுகல.

ஒரு மாசம் ஒன்னும் எழுதல. ஒங்கள என்ன சொல்லி ஏசுறதுன்னு யோசிச்சேன். ஏசுறதுக்கு எங்ககிட்ட நெறைய சொல்லு இருக்கு. எல்லாத்தையும் ஒரு தடவ ஒங்க பேரச் சொல்லி அடுப்படியில ஏசிப் பாத்தேன். ஒன்னும் ஒட்டல.

போயிருப்பேனான்னு தெரியலன்னு சொன்னாருல்ல. அது அவரு சொல்றது. நான் சொல்றேன், போயிருப்பாரு. அவருக்கு அவரத் தெரியாது, எனக்குத் தெரியும். இத நான் சபையிலயும் சொல்லுவேன்.

இப்ப கேளுங்க. சாயந்தரம் நாலு மணிக்கு மாமாவ நாங்க எறக்கினோம். அங்க சுவருல மணி நாலுன்னு எழுதியிருக்கீங்க. மகன் குச்சிய எடுத்து அடிச்சிருக்காரு. நெருப்புல காய வச்சு, அப்பனுக்கு அடிக்கிற மாதிரி மூணடிச்சு, மூச்சு விட்டு, நாலாவத எறக்கியிருக்காரு. அப்ப முதலடி விழுந்திருக்கு. நாங்க ஊமைன்னு நெனச்ச சாவு ஊமை இல்ல. சத்தம் கொழும்புல விழுந்துச்சு, எங்களுக்கு வந்து சேர எட்டு வருசமாச்சு. ஒங்க தந்தி மாதிரித்தான்.

முதலடி விழுந்துட்டா மூக்கன் அடிச்சுத்தான் ஆகணும். மொதல்ல மாமாவுக்கு, பொறகு இவருக்கு. அது வழக்கம், அவரு இஷ்டம் இல்ல.

ஆனா இத நான் சொன்னா நம்ப மாட்டாங்க. பொண்டாட்டி புருசனுக்காகச் சொல்றாம்பாங்க. நீங்க வரணும். தலத்தெவசத்தன்னிக்கி, ஆகஸ்டு மாசம் இருவதாந் தேதி, வியாழக்கெழம. தந்தியக் கொண்டாங்க. எல்லாரும் நிக்கிறப்ப படிச்சு, எந்தப் பையில எத்தன மணிக்கு வச்சீங்கன்னு ஒங்க வாயால சொல்லுங்க.

அம்மாக்கண்ணு


கொம்பனித்தெரு,
1964 ஜூலை 12

தங்கச்சி,

உங்கள் கடிதம் ஐந்து மாதமாக என் மேசையில் இருக்கிறது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சீனி வருத்தம், நீரிழிவு. தம்பி இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறான், அவனுக்குப் பிள்ளைகள். தந்தியையும் நடந்ததையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினால் போதாதா? வாத்தியார் சபையில் படிக்கலாம்.

பக்கீர்


மேக்கணக்கு,
1964 ஜூலை 19

பக்கீர் நானாவுக்கு,

போதாது. ஒரு தடவ தபால நம்பித்தான் கெட்டோம்.

கடைக்கு ஒன்னும் ஆகாது. அதுக்கு நான் இருக்கேன்.

அம்மாக்கண்ணு


மேக்கணக்கு,
1964 ஆகஸ்டு 30

பக்கீர் நானாவுக்கு,

பத்திரமா போயி சேந்திருப்பீங்க. ஒங்க குடை இங்கயே இருக்கு. அடுத்த தடவ வரைக்கும் நான் பிடிக்கிறேன்.

தெவசத்துக்கு மொத நாள் தந்திக்காரரு படி ஏறி வந்தப்ப லயமே பயந்துபோச்சு. வாத்தியாரு படிச்சாரு: "காலை ரயிலில் வருகிறேன், பக்கீர்." ராக்காயிக் கெழவி, "இந்தத் தந்தியாவது நேரத்துக்கு வந்துச்சே"ன்னா. அவகிட்ட மட்டும் முன்னாலயே சொல்லி வச்சிருந்தேன்.

நீங்க பெரட்டுக் களத்துல நின்னு, தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு அந்த மஞ்சக் காகிதத்த விரிச்சீங்க. "அப்பா காலமானார், உடனே வா." படிச்சீங்க. திங்கக்கெழம மத்தியானம், சட்டையில நெஞ்சுப் பக்கத்துப் பைன்னு சொன்னீங்க. ஒன்னையும் கொறைக்கல. மூக்கன் பாஞ்சு வந்து ஒங்க சட்டையப் பிடிச்சப்ப நான் ஒடனே வெலக்கல. அத ஒளிக்காம சொல்லிடுறேன். ஒரு நிமிசம் பிடிக்கட்டும்னுதான் நின்னேன். பொறகு நான் அவரு கைய வெலக்கறதுக்குள்ள கெழவி முந்திட்டா. "விடுடா. செஞ்சத ஊரு முன்னால வந்து சொல்ல ஒனக்கு இருக்கா நெஞ்சு? போன மாசம் எங் கோழிய யாரு பிடிச்சதுன்னு இன்னும் ஒருத்தன் சொல்லல." அதுல நாலு பேரு சிரிச்சதுலதான் பிடி எளகுச்சு.

பொறகு நடந்தத நீங்களும் பாத்தீங்க. ஆனா ஒங்க கண்ணுல தண்ணி, சரியாப் பாத்திருக்க மாட்டீங்க, எழுதுறேன். ரெக்கோர்ட்டு வச்சாங்க. மாமாவப் பொதச்ச எடத்துல நிக்கிறோம், ஒலிபெருக்கி கீழ கோயில்ல இருக்கு. மூணடி விழுந்துச்சு. மூச்சு. நாலாவது எறங்குச்சு. மாமா செத்ததுலேர்ந்து அட்டாலியில கெடந்த அவரு தப்ப நான்தான் எறக்கிக் குடுத்திருந்தேன். மூக்கன் அதக் காய வச்சுத் தயாரா வச்சிருந்தாரு, ஆனா குச்சி கீழ தொங்கிக்கிட்டே இருந்துச்சு. நான் அவரப் பாத்தேன். அவரு கண்ண மூடிக்கிட்டு, "சரிதான், மகனோட அடிதான்"ன்னாரு. அஞ்சாவது அடி அவரோடது. அதுக்கு மேல இங்கிலீசுக்காரரு பாடுறாரு, எக்காளம் ஊதுது, மூக்கன் அடிக்கிறாரு, ராக்காயி பாடுறா. மூணு நிமிசத்துல ரெக்கோர்ட்டு முடிஞ்சுபோச்சு. மூக்கன் நிறுத்தல. மாமாவுக்கு அடிச்சு முடிச்சு, அப்படியே திரும்பி, கொழும்பு இருக்கிற பக்கம் பாத்து இவருக்கு அடிச்சாரு. மழை வந்து தோல் நனஞ்ச பொறகுதான் விட்டாரு.

இப்ப எம் புருசன் என்ன வேலைன்னு யாரும் என்னைக் கேக்குறதில்ல. அவங்களே சொல்லிக்கிறாங்க. பாட்டுப் பெட்டிக்காரரு அந்த ரெக்கோர்ட்ட வெலைக்குக் கேட்டாரு. தர மாட்டேன்னுட்டேன்.

ஸ்டேஷன்ல ரயில் கெளம்பறப்ப, "என்னை மன்னிச்சிட்டியா தங்கச்சி"ன்னு கேட்டீங்க. ரயில் சத்தத்துல கேக்காத மாதிரி நின்னேன். கேட்டுச்சு.

நானா, ஏழு வருசம் அவரு மொகத்தப் பாக்காம சோறு போட்டேன். அதுல ஒங்க பங்கு எவ்வளவு, எம் பங்கு எவ்வளவுன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. இன்னொரு தடவ "ஏன்"னு நான் கேட்டிருக்கலாம். கேக்கல. வந்த அன்னிக்கி ஒங்களுக்கும் அப்படித்தான் எலையப் போட்டேன், குனிஞ்ச தல நிமிராம. கவனிச்சிருப்பீங்க. ரெண்டாந்தடவ கொழம்பு கேக்காம எந்திரிச்சுட்டீங்க.

அடுத்த வருசம் தெவசத்துக்கு வாங்க. மதினியையும் கூட்டிட்டு வாங்க.

மொகத்தப் பாத்துச் சோறு போடுறேன்.

அம்மாக்கண்ணு